வாட்ச், வார்டு, வார்டன்: இடைக்கால இங்கிலாந்தின் காவல் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன், ஹாஸ்டலில் வார்டன், ரயிலின் கடைசிப் பெட்டியில் 2022 வரை கார்டு என்று அழைக்கப்பட்டவர், ஸ்டேஷனில் கான்ஸ்டபிள், குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு கவுன்சிலர். இத்தனையும் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மண் தெருக்களில் புழங்கிய சொற்கள். மொழிபெயர்ப்பவர்களும் சரித்திரக் கதை எழுதுபவர்களும் அவற்றைப் பற்றிக் கேட்கிற கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து வாட்ச்மேனுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

பெரும்பாலும் யாரும் கொடுக்கவில்லை. வாட்ச்மேன் என்றதும் நமக்கு நீல யூனிஃபார்ம், பிளாஸ்டிக் நாற்காலி, வருகைப் பதிவு நோட்டு எல்லாம் ஞாபகம் வரும். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவர் உங்கள் எதிர்வீட்டுக்காரர். பகலெல்லாம் செருப்புத் தைத்துவிட்டோ ரொட்டி சுட்டுவிட்டோ, தன் முறை வந்த ராத்திரியில் தடியை எடுத்துக்கொண்டு ஊர் வாசலுக்குப் போய் நின்றவர். நம் கிராமங்களில் முறைத்தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்: இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு. அவர்கள் காதில் 'வாட்ச்' என்பது உத்தியோகத்தின் பெயராக ஒலிக்கவில்லை, முறையின் பெயராக ஒலித்தது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய தமிழ்க் கதைகளில் நான் அதிகம் பார்க்கிற பிழை, ராத்திரிக் காவலர்களை இன்றைய போலீஸ்காரர்களாக எழுதுவது.

காசுள்ளவர்கள் தங்களுக்குப் பதிலாகக் கூலி ஆள் அனுப்புவதும் நடந்தது. அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக முறை என்பது வேலையாக மாறியது.

'வாட்ச்', 'வார்டு' இரண்டும் சேர்ந்தே வருகின்றனவே, என்ன வித்தியாசம்?

வாட்ச் இரவுக்கு, வார்டு பகலுக்கு. 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறார். பழைய ஆவணங்கள் இவ்வளவு கறாராக இல்லை, இரண்டையும் கலந்தே எழுதுகின்றன. ஆனால் வேர்ச்சொல்லைப் பார்த்தால் இந்தப் பிரிவினையில் நியாயம் இருக்கிறது. வாட்ச் என்பது 'வேக்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. விழித்திருப்பது என்று பொருள். வார்டு என்றால் கண் வைத்துக் காப்பது. விழித்திருக்க வேண்டிய கஷ்டம் ராத்திரிக்குத்தானே.

கையில் கட்டுகிற வாட்ச்சும் அதே சொல்தான்.

1285ஆம் ஆண்டுச் சட்டம் என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

முதலாம் எட்வர்ட் மன்னர் வின்செஸ்டர் நகரில் பிறப்பித்த சட்டம் அது. எழுதப்பட்ட மொழி ஆங்கிலம் அல்ல, பிரெஞ்சு. கொள்ளையும் கொலையும் தீவைப்பும் நாளுக்கு நாள் பெருகுகின்றன, சாட்சி சொல்ல வேண்டிய ஊர்க்காரர்களே குற்றவாளிகளை மறைக்கிறார்கள் என்ற புலம்பலோடு தொடங்குகிறது.

பிறகு கணக்கு வருகிறது. மதில் சூழ்ந்த ஊர்களின் வாசல்களை சூரியன் மறைந்ததும் சாத்த வேண்டும், மறுநாள் உதயத்தில்தான் திறக்க வேண்டும். பெருநகரமானால் ஒவ்வொரு வாசலுக்கும் 6 பேர். 'பரோ' எனப்படும் நகரமானால் 12 பேர். சிற்றூரானால் குடிகளின் எண்ணிக்கையைப் பார்த்து 6 அல்லது 4 பேர். இந்தக் காவல் ஆண்டு முழுவதும் அல்ல. இயேசு விண்ணேறிய திருநாளில் தொடங்கி, செப்டம்பர் 29ஆம் தேதி புனித மிக்கேல் திருநாளில் முடியும், அதாவது கோடைக்காலம்.

வெளியூர்க்காரர் யாராவது ராத்திரியில் வந்தால் பிடித்து விடியும்வரை வைத்திருக்கலாம். சந்தேகம் இல்லையென்றால் காலையில் விட்டுவிட வேண்டும், இருந்தால் அரசரின் மாவட்ட அதிகாரியான ஷெரீஃபிடம் ஒப்படைக்க வேண்டும். நிற்காமல் ஓடினால் 'ஹியூ அண்ட் க்ரை': கூக்குரல் எழுப்பித் துரத்துவது. குரல் கேட்ட ஊர் அடுத்த ஊருக்குக் கடத்தும். குரல் கேட்டும் வெளியே வராதவர் குற்றம் செய்தவராகிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நெடுஞ்சாலை விதி. சந்தை ஊர்களுக்கு இடையிலான சாலையில் இருபுறமும் 200 அடிக்குப் புதரோ பள்ளமோ இருக்கக்கூடாது, திருடன் ஒளிந்துகொள்வான். ஆனால் பெரிய மரங்களை வெட்ட வேண்டாம் என்று விலக்கும் இருக்கிறது. 15 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் வசதிக்கேற்ப வீட்டில் ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். பணக்காரரிடம் இரும்புக் கவசமும் குதிரையும், ஏழையிடம் கத்தியும் வில்லும். 'ஹண்ட்ரட்' எனப்படும் ஒவ்வொரு வட்டாரத்திலும் 2 கான்ஸ்டபிள்கள் ஆண்டுக்கு இருமுறை அவற்றைப் பார்வையிடுவார்கள்.

இந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 1827இல்.

வார்டுக்கும் கார்டுக்கும் சம்பந்தம் உண்டா?

ஒரே சொல்தான், இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் காவலனுக்கு 'வெயார்டு' என்று பெயர். அதே ஜெர்மானிய வேர் ஃபிராங்குகள் மூலம் பிரெஞ்சுக்குள்ளும் போயிருந்தது. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் சொல்லின் தொடக்கத்து 'வ' ஒலி 'க' ஆயிற்று. வடக்கே, நார்மண்டி பக்கம் 'வ' அப்படியே நின்றது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மண்டிக்காரர்கள், ஆகவே முதலில் வந்தது 'வார்டன்'. பாரிஸ் பேச்சு கௌரவமாகக் கருதப்பட்ட பிறகு அதே சொல் 'கார்டியன்' என்று இன்னொரு முறை வந்தது. 'கார்டு' ஆங்கிலத்தில் வேரூன்றியது 15ஆம் நூற்றாண்டில்தான்.

ஜோடி ஜோடியாகப் பார்த்தால் விளங்கும். மிக்ஸி வாங்கும்போது கடைக்காரர் சொல்கிற வாரண்டியும் காரண்டியும் இப்படிப் பிரிந்தவை. வார் என்றால் போர். அதன் ஸ்பானியக் கிளையில் வந்தது கெரில்லா. ரிவார்டு, அவார்டு, துணி வைக்கிற வார்ட்ரோப் எல்லாமே 'பார்த்துக் காத்தல்' என்ற அந்த வேரில் முளைத்தவைதான்.

நீதிமன்றத்தில் 'வார்டு' என்றால் காப்பாளர் பொறுப்பிலுள்ள மைனர் பிள்ளை. இடைக்காலத்தில் நிலக்கிழார் இறந்து வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால், அவனுடைய மேல்பிரபு நிலத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். யாருக்குக் கட்டிவைப்பது என்பதும் அவர் முடிவு. காப்பது என்ற பெயரில் நல்ல வருமானம். இதன் பேரப்பிள்ளைதான் நம் ஜமீன்களை நிர்வகித்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்'. பாஸ்கர சேதுபதி சிறுவராக இருந்தபோது ராமநாதபுரம் அதன் கையில்தான் இருந்தது.

'லார்டு' என்பதிலும் காவலன் ஒளிந்திருக்கிறானாமே?

ஆமாம். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வெயார்டு', அதாவது ரொட்டிக் காவலன். தேய்ந்து தேய்ந்து லார்டு ஆகிவிட்டது. சோறு போடுகிறவன் தலைவன் என்ற கணக்கு. செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதாகப் படாது. ஸ்டூவர்ட் என்றால் கூடத்தின் காவலன். எட்வர்ட் என்றால் செல்வத்தின் காவலன். ஹேவார்ட் என்றால் வேலிக் காவலன். ஊர் மாடுகள் பயிரில் இறங்காமல் பார்த்துக்கொண்டவர், நம்மூர்ப் பட்டிக்காரர் மாதிரி.

குழந்தை வீறிட்டு அழுதால் பாட்டிமார் எடுக்கிற உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் பாட்டிலிலும் ஒரு காவலர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதைத் தயாரித்தவரின் குடும்பப் பெயர் உட்வர்ட்; அந்தப் பெயருக்கு வனக்காவலன் என்று பொருள்.

'வெயிட் பண்ணுங்க' என்பதுகூடக் காவல் சொல்லா?

அதுவும்தான். வெயிட் என்றால் முதலில் காத்திருப்பது அல்ல, பதுங்கி நோட்டம் பார்ப்பது. வாட்ச்சின் அதே வேர், வட பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. கோட்டையிலும் நகரத்திலும் இருந்த காவலருக்கு 'வெயிட்' என்றே பெயர்.

இவர்கள் கதை சுவாரசியமானது. காவலர் கையில் ஓர் ஊதுகருவி இருந்தது, நேரம் சொல்லவும் எச்சரிக்கவும். அது 'ஷாம்' என்ற மரக்குழல். இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. ஏறக்குறைய நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன், சத்தத்திலும் அப்படித்தான். ஊதி ஊதிக் கை தேர்ந்ததும், ஊர்க்காரர்கள் இவர்களை மேயர் ஊர்வலத்துக்கும் விருந்துக்கும் அழைக்க ஆரம்பித்தார்கள். நாளடைவில் காவல் கழன்றுபோய் வாசிப்பு மட்டும் மிஞ்சியது. யார்க், நார்விச் போன்ற நகரங்களில் வெயிட்கள் நகராட்சி செலவில் வாழ்ந்த இசைக்குழுவினர். குழலுக்கே 'வெயிட் பைப்' என்று பெயர் வந்துவிட்டது. 1835இல் நகராட்சிகளைச் சீர்திருத்திய சட்டத்தோடு இவர்கள் வேலை போயிற்று.

நகரத்தின் ஒரு பகுதியை ஏன் 'வார்டு' என்கிறோம்?

ஒரு தலைவரின் காவல் பொறுப்பில் இருந்த பகுதி என்பதால். 13ஆம் நூற்றாண்டு லண்டனில் 24 வார்டுகள். ஃபாரிங்டன் வார்டு பெருத்துப்போய் 1394இல் மதிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டாகி 25 ஆயிற்று. வாசல் பெயரில் சில (ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட்), தொழில் பெயரில் சில (தோல் செருப்புக்காரர்களின் கார்ட்வெய்னர், ஒயின் வணிகர்களின் வின்ட்ரி). எல்லா ஊரிலும் வார்டு என்று சொன்னதாக நினைக்க வேண்டாம். நார்விச்சில் 'லீட்' என்றார்கள்.

வார்டின் தலைவர் ஆல்டர்மேன், பொருள் 'மூத்தவர்'. 1394இல் லண்டனில் இது ஆயுள் பதவியானது. அவர் கூட்டுகிற வார்டுக் கூட்டத்துக்கு 'வார்ட்மோட்' என்று பெயர். மோட் என்றால் கூட்டம், மீட்டிங் என்ற சொல்லின் உறவு. யார் வீட்டுச் சாக்கடை தெருவில் வழிகிறது, யார் எருவைக் குவித்திருக்கிறார், யார் பீர் அளவில் ஏமாற்றுகிறார் என்று அங்கே புகார் படிப்பார்கள். நம் வார்டு சபைக் கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு வர்ணிக்கத் தேவையில்லை.

ஆல்டர்மேனுக்குக் கீழே 'பீடில்'. அறிவிப்பவர் என்பது சொல்லின் பொருள். தண்டோராக்காரர், தலையாரி இரண்டும் கலந்த ஆள். 1419இல் நகர எழுத்தர் ஜான் கார்ப்பெண்டர் தொகுத்த லண்டன் விதிகளில் இவருடைய சாமான் பட்டியல் இருக்கிறது. மரக்காம்பு போட்ட பலமான இரும்புக் கொக்கி ஒன்று, சங்கிலி இரண்டு, கனமான கயிறு இரண்டு, உரக்க ஒலிக்கும் நல்ல கொம்பு ஒன்று. கொக்கி எதற்கு? தீப்பிடித்த வீட்டை இழுத்துச் சாய்க்க. பக்கத்து வீட்டுக்குத் தீ தாவுவதற்குள் நடுவிலிருப்பதை இடித்துவிட வேண்டும், வேறு வழி கிடையாது. கோடையில் வசதியான வீட்டுக்காரர்கள் வாசலில் பீப்பாய் நிறையத் தண்ணீரும் ஓர் ஏணியும் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வார்டு அதிகாரியின் கண் திருடனைவிடத் தீயின் மேல்தான் அதிகம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஆல்டர்மேன் நம் சென்னையிலும் இருந்தாரா?

இருந்தார். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியபோது ஒரு மேயரும் 12 ஆல்டர்மேன்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் மட்டுமல்ல; போர்த்துகீசியர், யூதர், இந்து வணிகர்களும் இருந்த சபை அது, ஆலங்காத்த பிள்ளை அவர்களில் ஒருவர். தேதியைக் கவனித்தீர்களா? அதே மிக்கேல் திருநாள். பெயர் மட்டும் கப்பலேறி வரவில்லை, நாட்காட்டியும் வந்திருக்கிறது. ஆனால் ராத்திரிக் காவலுக்கு ஆங்கிலேயர் தங்கள் ஊர் முறையைக் கொண்டுவரவில்லை. இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தின் காவல் பரம்பரையாகப் பெத்த நாயக்கரிடமும் அவருடைய தலையாரிகளிடமும் இருந்தது. பெத்துநாயக்கன்பேட்டை அந்தப் பெயர்தான்.

கான்ஸ்டபிள் என்றால் குதிரைக்காரரா?

லத்தீனில் 'கோமெஸ் ஸ்டாபுலி', லாயத்தின் அதிகாரி. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் பெரிய பதவி. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோதும் அரசரின் படைத்தலைவர், கோட்டைத் தலைவர் என்றே இருந்தது. லண்டன் டவருக்கு இன்றும் கான்ஸ்டபிள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஊர்க்காவலுக்குப் பொறுப்பான சாதாரண ஆளுக்கும் அதே பெயர் இறங்கியது. அவருக்குச் சம்பளமில்லை, அவரும் முறைதான். மார்ஷலும் இதே லாயத்து ஆள். பழைய பொருள் 'குதிரை வேலைக்காரன்'. ஒரு சொல் ஃபீல்டு மார்ஷலாக ஏறியது, இன்னொன்று காக்கிச்சட்டைக்கு இறங்கியது.

ஷெரீஃப்?

'ஷயர் ரீவ்', மாவட்டத்துக்கு அரசரின் மணியக்காரர். தொப்பியும் துப்பாக்கியும் அமெரிக்கச் சேர்க்கை.

வாசலில் நின்றவர் போர்ட்டரா? போர்ட்டர் என்றால் மூட்டை தூக்குபவர் அல்லவா?

இரண்டு வேறு சொற்கள், உருவம் ஒன்றாகிவிட்டது. வாசலைக் குறிக்கும் லத்தீன் 'போர்ட்டா'விலிருந்து வந்தவர் வாயிற்காவலர். சுமப்பதைக் குறிக்கும் 'போர்ட்டாரே'யிலிருந்து வந்தவர் எழும்பூரில் பெட்டி தூக்குபவர். கோட்டைக் கதையில் போர்ட்டர் வந்தால் சிவப்புச் சட்டை போட்டுவிடாதீர்கள்.

நகர வாசல் என்பது வெறும் கதவும் அல்ல, மேலே அறைகள் கொண்ட கட்டடம். கவிஞர் சாசர் 1374 முதல் 12 ஆண்டுகள் ஆல்ட்கேட் வாசலுக்கு மேலேயிருந்த வீட்டில் குடியிருந்தார். காவலர்கள் கீழே, கவிஞர் மேலே. யார்க் நகரில் மட்டும் உஷார்: அங்கே 'கேட்' என்றால் தெரு (வைக்கிங் மொழியின் மிச்சம்), வாசலுக்கு 'பார்' என்று பெயர்.

சுங்க அதிகாரி எப்படித் துப்புரவாளர் ஆனார்?

'ஸ்காவெஞ்சர்' கதையைக் கேட்கிறீர்கள். 'ஸ்காவேஜ்' என்பது வெளியூர் வணிகர் சரக்கைக் காட்டிக் கட்டுகிற வரி; 'ஷோ' என்ற சொல்லின் உறவு. அதை வசூலித்தவர் ஸ்காவெஞ்சர். லண்டன் வார்டுகளில் இவர்களிடமே தெருச் சுத்தத்தைக் கவனிக்கும் வேலையும் சேர்ந்தது. வரி போயிற்று, குப்பை நின்றது.

'கேட்ச்போல்' திட்டா, பதவியா?

பதவிதான், கேட்டவர் காதில் திட்டு. சொல்லுக்கு 'கோழி துரத்துபவன்' என்று பொருள். முதலில் வரி வசூலித்தவர், பிறகு கடன்காரரைப் பிடிக்கும் ஷெரீஃபின் ஆள். நம்மூர்க் கோர்ட் அமீனா ஜப்திக்கு வரும்போது தெருவே கதவைச் சாத்திக்கொள்ளுமே, அந்த மரியாதை.

கர்ஃப்யூ அப்போதே உண்டா?

உண்டு, ஆனால் கலவரத்துக்காக அல்ல. பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்று பொருள். இரவு மணி அடித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூட வேண்டும், தெருவில் காரணமில்லாமல் திரியக்கூடாது. நம் 'ஊரடங்கு' ஊரைப் பார்க்கிறது, அவர்கள் சொல் அடுப்பைப் பார்க்கிறது.

காவல் எப்போதாவது கொண்டாட்டமாக இருந்ததா?

லண்டனில் ஜூன் 23, 28 இரவுகளில். யோவான், பேதுரு திருநாள்களின் முந்தைய இரவு வாட்ச்காரர்கள் ஊர்வலமாகப் போனார்கள். 1539இல் எட்டாம் ஹென்றி நிறுத்திவைத்த பிறகு பழைய மாதிரி மீளவே இல்லை. லண்டனைப் பற்றி விரிவாக எழுதிய ஜான் ஸ்டோ கணக்கு தருகிறார்: கம்பத்தில் தொங்கும் இரும்புத் தீக்கூடைகள் 700, ஒவ்வொன்றுக்கும் தூக்க ஓர் ஆள், எரிபொருள் பையோடு இன்னோர் ஆள். தூக்கியவர்கள் ஏழைகள். அவர்களுக்குக் கூலி, சின்னம் எழுதிய வைக்கோல் தொப்பி, விடிந்ததும் காலைச் சாப்பாடு.

'வேக்மேன்' என்று ஒரு பதவி படித்தேன், உண்மையா?

உண்மை. யார்க்ஷயரில் ரிப்பன் என்ற சிறுநகரத்தில் ஊர்த்தலைவருக்கே அந்தப் பெயர்: விழித்திருப்பவர். வீட்டுக்கு ஒரு வெளிக்கதவு இருந்தால் 2 பென்னி, இரண்டு இருந்தால் 4 பென்னி என்று வசூலிப்பார். காவலில் கோட்டைவிட்டு வீட்டில் திருடு போனால் அவர் ஈடு கட்ட வேண்டும். 1604இல் பதவி மேயராக மாறியது. கடைசி வேக்மேன் ஹியூ ரிப்ளேதான் முதல் மேயர். சந்தைத் திடலில் இரவு 9 மணிக்குக் கொம்பு ஊதிக் காவல் வைக்கிற வழக்கம் இன்றும் அங்கே நடக்கிறது.

அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாகக் கொண்டவர்தான் 1880 முதல் 1884 வரை இந்திய வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபு. அவர் பெயரில் 1913இல் திறந்த வெள்ளைக் கட்டடத்தில்தான் நம் வார்டு கவுன்சிலர்கள் கூடுகிறார்கள்.

கதையில் எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

போலீஸ், சென்ட்ரி, பேட்ரோல் மூன்றையும். எல்லாம் பின்னால் வந்தவை. பேட்ரோல் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது, சேற்றில் மிதித்து நடப்பது என்பது அதன் பழைய பொருள்.

தமிழில் என்ன போடுவது?

வாட்ச்சுக்கு 'முறைக்காவல்' என்று போடுகிறேன்; 'இரவுக்காவல்' சரிதான், ஆனால் முறை விட்டுப்போகிறது. வார்டு, ஆல்டர்மேன், ஷெரீஃப் அப்படியே இருக்கட்டும். பீடிலுக்குத் தலையாரி பொருந்தும். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'பாடிகாவல்' அழகான சொல், ஆனால் அதோடு வரியும் சேர்ந்து வருவதால் சம்பளமில்லாத லண்டன் செருப்புக்காரருக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. வெயிட்டுக்கு மட்டும் இன்னும் சரியான சொல் சிக்கவில்லை. 'காவல் நாயனக்காரர்' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்; படித்த நண்பர், எந்தக் கோயிலில் என்று கேட்டார்.